பெட்டியில் எழுதிய எண்: கிராஃபிக்ஸ் கார்டுகளின் 25 வருடக் கணக்கு



உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கொம்பியூட்டர் பக்கம் போகிறார்கள். ஒருவருக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ண வேண்டும். இன்னொருவருக்கு வீட்டுப் படம் வரையும் மென்பொருள் ஓட வேண்டும். மூன்றாமவருக்கு கேம், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மூன்று பேரும் வாப்பாவிடம் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு கிராஃபிக்ஸ் கார்ட். கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் வாப்பா காசை அனுப்பிவிட்டு, "சேர், எது நல்லது?" என்று நம்மிடம் கேட்கிறார். உம்மாமார் காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துவிட்டுக் கேட்ட சந்தர்ப்பங்களும் உண்டு.

கடைக்காரர் காட்டுவது ஒரு எண்ணை. "இது 4 ஜிபி, அது 8 ஜிபி. இதில் இத்தனை கோர், அதில் அத்தனை கோர்." எண் பெரிதானால் பொருள் நல்லது என்று நாம் நினைக்கிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது, கடந்த 25 வருடங்களில் அது எத்தனை தடவை வேலையோடு ஒத்துப்போகவில்லை என்ற வரலாற்றை இங்கே எழுதுகிறோம். பதிவு நீளமானதுதான். ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்கப் போகிறவர் பொறுமையாக வாசித்தால் நட்டம் வராது.

நுரைச்சோலையில் இருந்து தொடங்குவோம்

கற்பிட்டிப் பக்கம் போகும்போது தெரியும் அந்தப் புகைபோக்கியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லக்விஜய அனல்மின் நிலையம். ஒவ்வொன்றும் 300 மெகாவோட் கொண்ட மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது, 2014இல் மூன்றும் நிறைவடைந்தன. 300ஐ மூன்றால் பெருக்கினால் 900. பத்திரிகையில் எழுதுவது அந்த 900ஐத்தான்.

ஆனால் ஒரு இயந்திரம் பராமரிப்புக்காக நின்றால் மிச்சம் 600. நிலையத்தின் சொந்தப் பம்புகளும் விசிறிகளும் அரைக்கும் இயந்திரங்களும் எடுப்பது போகத்தான் மீதி கம்பியில் ஏறும். 900 என்பது பொய்யான எண் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடினால் எட்டக்கூடிய உச்சம் அது. மாம்புரிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளுக்கும் இதே கதைதான். தகட்டில் பொறித்திருக்கும் மெகாவோட் ஒன்று, காற்று ஓய்ந்த மாதத்தில் கிடைப்பது வேறொன்று.

கிராஃபிக்ஸ் கார்டின் "கோட்பாட்டுச் செயல்திறன்" என்று சொல்வதும் இப்படி ஒரு பெருக்கல் கணக்குத்தான். சாதாரண தர மாணவனே போடலாம்:

கோர்களின் எண்ணிக்கை × ஒரு செக்கனில் துடிக்கும் தடவை × 2

கடைசியில் 2 ஏன்? ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்துவிடும். அதை இரண்டு கணக்காக எண்ணுகிறார்கள். நம் பக்கம் நிறையப் பேரிடம் இருந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை எடுங்கள். 768 கோர், 1392 மெகாஹேர்ட்ஸ். பெருக்கினால் ஏறத்தாழ 2.1 டெராஃப்ளொப். ஒரு டெராஃப்ளொப் என்றால் செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி கணக்கு.

இரண்டாவது எண் ஒன்றும் உண்டு. அதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. நினைவகத்தில் இருந்து தரவு எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பது அது. அதே கார்டில் பாதையின் அகலம் 128 பிட், ஒவ்வொரு கம்பியிலும் செக்கனுக்கு 700 கோடி பிட். பெருக்கி 8ஆல் பிரித்தால் செக்கனுக்கு 112 கிகாபைட்.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த இரண்டு எண்ணையும் விளக்கத் தேவையில்லை. பாத்தியில் வாருபவர்கள் எத்தனை பேர் என்பது முதல் எண். வரப்பில் சுமந்து கொண்டுபோகும் பாதை எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது. வாருவதற்கு நூறு பேரை இறக்கிவிட்டு, ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய வரப்பை வைத்தால் தொண்ணூறு பேர் சும்மா நிற்பார்கள். கூலிக் கணக்கில் நூறு பேர், குவியலில் பத்துப் பேருடைய உப்பு.

1999: ஒரே பெயர், இரண்டு வரப்பு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பனியின் வூடூ கார்ட்தான் கேம் உலகத்தை ஆண்டது. அப்போது டெராஃப்ளொப் என்ற பேச்சே இல்லை. செக்கனுக்கு எத்தனை புள்ளிகளைத் திரையில் நிரப்பலாம் என்பதுதான் அளவு. 1996இல் வந்த முதல் வூடூ 50 மெகாஹேர்ட்ஸில் ஓடி, செக்கனுக்கு 5 கோடிப் புள்ளிகள் என்று எழுதியது.

1993இல் மூன்று பொறியியலாளர்கள் தொடங்கிய என்விடியா, 1999இல் ஜிஃபோர்ஸ் 256ஐ இறக்கியது. "ஜிபியு" என்ற சொல்லை ஊர் உலகமெல்லாம் பரப்பியது இந்தக் கார்ட்தான். நான்கு குழாய், 120 மெகாஹேர்ட்ஸ். பெருக்கினால் செக்கனுக்கு 48 கோடிப் புள்ளிகள். மூன்றே வருடத்தில் பத்து மடங்கு.

இப்போது நாம் ஒரு கணக்குப் போடுவோம். 32 பிட் நிறத்தில் ஒரு புள்ளியை எழுத 4 பைட் வேண்டும். அந்தப் புள்ளி முன்னுக்கு இருக்கிறதா பின்னுக்கு இருக்கிறதா என்று ஆழத்தைப் பார்க்க 4 பைட், புதிய ஆழத்தை எழுத இன்னும் 4 பைட். மொத்தம் 12. 48 கோடியை 12ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 5.76 கிகாபைட் தேவை. மேலே ஒட்டும் படங்களை இதில் நாம் சேர்க்கவே இல்லை. அந்தக் கார்டின் முதல் வடிவத்தில் இருந்த நினைவகம் கொடுத்ததோ சுமார் 2.66 கிகாபைட். பாதிகூட இல்லை.

கொஞ்ச நாளில் அதே கார்ட் டிடிஆர் நினைவகத்தோடு வந்தது. பாதை 4.8 கிகாபைட்டாக உயர்ந்தது. கோர் அதேதான், துடிப்பு அதேதான், 48 கோடி என்ற எண்ணும் அதேதான். ஆனால் 32 பிட் நிறத்தில் ஓடவிட்டால் இரண்டாவது கார்ட் தெளிவாக முந்தியது. விளம்பர எண் மாறாமல் வேலை மாறிய சம்பவம் இது. இதை மறக்க வேண்டாம், 2018இல் இதே கதை நம் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கீழே சொல்கிறோம்.

2002, 2003: பெயரும் பரீட்சையும்

2002இல் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் என்று ஒரு மலிவுக் கார்ட் வந்தது. பெயரில் 4 இருந்தது. உள்ளே இருந்தது பெரும்பாலும் ஜிஃபோர்ஸ்2 காலத்துத் தொழில்நுட்பம். அதற்கு முந்திய ஜிஃபோர்ஸ்3இல் இருந்த, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நிரல் எழுதித் தீர்மானிக்கும் வசதிகூட இதில் இல்லை. அதனால் பின்னர் வந்த சில கேம்கள் ஜிஃபோர்ஸ்3இல் ஓடின, "4"இல் ஓடவில்லை. மேல் வகுப்பு என்று நினைத்துக் காசு கட்டியவருக்குக் கீழ் வகுப்புப் புத்தகம் கிடைத்தது.

அதே வருடம் கனடாவின் ஏடிஐ கம்பனி ரேடியொன் 9700 ப்ரோவை வெளியிட்டது. 325 மெகாஹேர்ட்ஸ், எட்டுக் குழாய், 256 பிட் அகலப் பாதை. அதற்குப் போட்டியாக என்விடியா கொண்டுவந்தது ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. 500 மெகாஹேர்ட்ஸ், "துடிப்புக்கு எட்டுப் புள்ளி". காகிதத்தில் 400 கோடிக்கு எதிராக 260 கோடி. பார்த்தவுடன் யாரும் என்விடியா என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே பார்த்தவர்கள் கண்டது வேறு. நிறத்தோடு எழுதும்போது எஃப்எக்ஸ் துடிப்புக்கு நான்கு புள்ளிகளைத்தான் எழுதியது. ஆழத்தை மட்டும் எழுதும் சில வேலைகளில்தான் எட்டு. ஆகவே 400 கோடி 200 கோடியாக இறங்கியது. நினைவகப் பாதையும் 128 பிட்தான். செக்கனுக்கு 16 கிகாபைட், ரேடியொனில் சுமார் 19.8. துடிப்பு எண்ணில் ஒன்றரை மடங்கு பெரிய கார்ட், புதிய கேம்களில் பின்தங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் ஆசிரியர்களான நமக்கு மிகவும் விளங்கும் பகுதி. கார்டுகளைச் சோதிக்க 3டிமார்க் 03 என்ற மென்பொருள் இருந்தது. எல்லாக் கார்டுக்கும் ஒரே காட்சிகள், முடிவில் ஒரு புள்ளி. சஞ்சிகைகள் அதை வைத்துத்தான் தரம் பிரித்தன. 2003 மே மாதம் அதைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் கம்பனி ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டது. என்விடியாவின் டிரைவர் மென்பொருள் இந்தப் பரீட்சை ஓடுவதை அடையாளம் கண்டு, அதற்கென்று தனி வழியில் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்றது. அடையாளம் காண முடியாதபடி திருத்தியவுடன் ஒரு கார்டின் புள்ளி 24 வீதம் இறங்கியது. ஏடிஐயின் கார்டும் 2 வீதத்துக்குக் கிட்ட இறங்கியது. தமது மாற்றத்தை நீக்குவதாக ஏடிஐ சொன்னது. அடுத்த மாதம் ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் சேர்ந்து அறிக்கை விட்டு, "மோசடி" என்ற சொல்லைக் கைவிட்டு, "குறிப்பிட்ட மென்பொருளுக்கான மேம்படுத்தல்" என்று மாற்றிக்கொண்டன.

பெயர் எதுவானாலும் விடயம் நமக்குத் தெரியும். கடந்தகால வினாத்தாளை அப்படியே மனனம் செய்துவிட்டு வந்து 90 எடுக்கும் பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். வினாவில் ஒரு இலக்கத்தை மாற்றினால் 60க்கு வருவார். அந்த 90 பேப்பரில் உண்மை, பிள்ளையின் அறிவில் உண்மையில்லை.

2006, 2007: எதை எண்ணுவது?

2006 நவம்பரில் வந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் 128 கோர்களைக் கொண்டது, 1350 மெகாஹேர்ட்ஸ். நமது சூத்திரத்தில் போட்டால் 345.6 கிகாஃப்ளொப். கிகாஃப்ளொப் என்றால் செக்கனுக்கு நூறு கோடிக் கணக்கு. என்விடியா பெரிதாகச் சொன்ன எண் 518. எப்படி? ஒவ்வொரு கோரும் பெருக்கல்-கூட்டலோடு பக்கத்தில் இன்னொரு பெருக்கலையும் செய்யும் என்று எண்ணி, 2க்குப் பதில் 3ஆல் பெருக்கினார்கள். அந்த மூன்றாவது கணக்கைச் சோதனை செய்தவர்கள் தேடிப் பார்த்தார்கள். சாதாரண வேலையில் அது கிடைக்கவேயில்லை. "காணாமல் போன பெருக்கல்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி, 2007இல் ரேடியொன் எச்டி 2900 எக்ஸ்டியை இறக்கியது. 320 கோர், 475 கிகாஃப்ளொப், 512 பிட் பாதை, செக்கனுக்கு 105 கிகாபைட்டுக்கு மேல். என்விடியாவின் இரண்டாம் நிலைக் கார்டான 8800 ஜிடிஎஸ் வெறும் 230 கிகாஃப்ளொப், 64 கிகாபைட். காகிதத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் ஏஎம்டியே தனது கார்டை அந்த ஜிடிஎஸ்ஸுக்கு நிகரான விலையில்தான் விற்றது. கேம்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடின. தன் எண்ணின் பெறுமதி தயாரிப்பாளருக்கே தெரிந்திருந்தது, அதை விலையில் சொல்லிவிட்டார்.

காரணம் எளிது. 320 கோர் என்பது தனித்தனி 320 ஆட்கள் இல்லை. ஐந்து ஐந்து பேராகக் கட்டிய 64 குழுக்கள். ஐந்து பேருக்கும் ஒன்றையொன்று எதிர்பார்க்காத ஐந்து வேலை கிடைத்தால்தான் குழு முழுமையாக இயங்கும். கரைவலை இழுக்க ஆட்களைப் பிரிப்பதும் இப்படித்தான். இரண்டு பேர் வேலை முடியும் வரை மற்ற மூன்று பேர் காத்திருக்க வேண்டி வந்தால், கூலிப் புத்தகத்தில் ஐந்து, கயிற்றில் இரண்டு. பிற்பாடு 2010இல் ஏஎம்டி குழுவை நான்காகக் குறைத்தது. ஐந்து இடத்தில் சராசரியாக 3.4தான் நிரம்புகிறது என்று அவர்களே அப்போது சொன்னார்கள்.

கடலுக்கு அப்பால், திருவனந்தபுரத்தில்

இதற்கிடையில் கார்டுகள் கேமை விட்டு வெளியே வந்துவிட்டன. 2007இல் என்விடியா கூடா என்ற நிரல் கருவியைப் பொதுவில் விட்டது. கணக்குப் போடும் எந்த வேலைக்கும் கார்டைப் பாவிக்கலாம் என்றானது.

நமக்குப் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மன்னார் வளைகுடாவைக் கடந்து கன்னியாகுமரியையும் தாண்டினால் வருவது திருவனந்தபுரம். அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் இஸ்ரோ ஒரு அதிவேகக் கணினியைத் திறந்தது. பெயர் சாகா-220. அப்போது இந்தியாவின் மிக வேகமான கணினி என்று அறிவிக்கப்பட்டது. ரொக்கட் பறக்கும்போது காற்று எப்படி மோதும் என்று கணக்கிடுவதுதான் அதன் வேலை.

பெயரில் இருக்கும் 220 என்பது 220 டெராஃப்ளொப். அதற்குள் இருந்தவை 400 என்விடியா டெஸ்லா 2070 கார்டுகளும் 400 இன்டெல் ஸியோன் சிப்புகளும். ஒரு டெஸ்லா கார்டின் கோட்பாட்டு உச்சம் 515 கிகாஃப்ளொப். 400ஆல் பெருக்கிப் பாருங்கள்: 206 டெராஃப்ளொப். மிச்சத்தை ஸியோன்கள் நிரப்புகின்றன. இஸ்ரோவின் பெருமைக்குரிய எண்ணும் கடைப் பெட்டியின் எண்ணும் ஒரே பெருக்கல் வாய்ப்பாட்டில் பிறந்தவைதான்.

ஆனால் அதே டெஸ்லாவுக்கு இன்னொரு எண்ணும் உண்டு: 1030. ஏழு இலக்கத் துல்லியம் போதும் என்றால் 1030 கிகாஃப்ளொப். பதினைந்து இலக்கத் துல்லியம் வேண்டும் என்றால் 515. ரொக்கட்டுக்குத் துல்லியம் வேண்டும், ஆகவே 515ஐ எண்ணினார்கள். அதே காலத்தில் கேமுக்காக விற்ற ஜிடிஎக்ஸ் 580 கார்ட் சாதாரணத் துல்லியத்தில் 1581, டெஸ்லாவை விட மேல். உயர் துல்லியத்தில் அதன் எட்டில் ஒரு பங்கான 198தான். எது வேகமான கார்ட் என்ற கேள்விக்கு, என்ன வேலை என்று கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

அந்த ஜிடிஎக்ஸ் 580தான் 2012இல் செயற்கை நுண்ணறிவின் பாதையை மாற்றியது. கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ்நெட் என்ற படம் அறியும் நிரலை இரண்டு 580 கார்டுகளில் ஐந்தாறு நாட்கள் ஓடவிட்டுப் பயிற்றினார்கள். ஏன் இரண்டு? கணக்கு வேகம் மட்டும் காரணமில்லை. ஒரு கார்டில் 3 கிகாபைட் நினைவகம்தான் இருந்தது, முழு நிரலும் அதற்குள் அடங்கவில்லை. "எத்தனை ஜிபி?" என்ற நம் ஊர்க் கேள்வி அர்த்தமில்லாதது இல்லை. சில வேலைகளில் அதுதான் முதல் கேள்வி.

2015: நான்கு ஜிபியில் அரை ஜிபி

2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 நல்ல கார்ட், நிறைய விற்றது. 4 ஜிபி என்று எழுதியிருந்தது. பாவித்தவர்கள் சிலர் 3.5 ஜிபியைத் தாண்டினால் படம் தடுமாறுவதைக் கவனித்து எழுதினார்கள். 2015 ஜனவரியில் என்விடியா விளக்கம் சொன்னது. 3.5 ஜிபி ஒரு பகுதி, செக்கனுக்கு 196 கிகாபைட் வேகம். மிச்ச அரை ஜிபி வேறு பகுதி, 28 கிகாபைட் வேகம். இரண்டையும் கூட்டித்தான் பெட்டியில் 224. முதலில் கொடுத்த விபரப் பட்டியலில் வேறு இரண்டு எண்களும் பிழை என்பதும் வெளியே வந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016இல், வாங்கிய ஒவ்வொருவருக்கும் 30 டொலர் கொடுக்க என்விடியா இணங்கியது.

இதை எழுதக் காரணம் உண்டு. தவறைக் கண்டுபிடித்தது எந்த அரசாங்கமும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் வீட்டில் அளந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

2020: இரண்டு மடங்கான கோர்

2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தது. 8704 கோர், 29.8 டெராஃப்ளொப். முந்திய தலைமுறையின் பெரிய கார்டான 2080 டிஐயில் 4352 கோர், 13.4 டெராஃப்ளொப். இரண்டு மடங்குக்கு மேல். உண்மையில் 4கே அளவில் கேம்களைச் சோதித்தவர்கள் கண்ட சராசரி முன்னேற்றம் சுமார் 30 வீதம்.

இந்த 120 வீதம் எப்படி 30 வீதமானது என்று மாணவர்களுக்குக் கரும்பலகையில் காட்டலாம். கேம் நிரலில் தசமக் கணக்கு 100 வந்தால் முழு எண் கணக்கு 36 கிட்ட வரும் என்று என்விடியாவே 2018இல் சொல்லியிருந்தது. பழைய கார்டில் முழு எண்ணுக்குத் தனி ஆட்கள். அவர்களைக் கோர் கணக்கில் சேர்க்கவில்லை. புதிய கார்டில் அந்த ஆட்களுக்கும் தசமக் கணக்கு கற்பித்து, எல்லோரையும் கோர் என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் முழு எண் வேலை வரும்போது அவர்கள் அதைப் பார்க்கப் போய்விடுவார்கள். 136இல் 100 தான் தசமத்துக்கு. 29.8ஐ 136ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் சுமார் 22. அது பழையதை விட ஏறத்தாழ 1.6 மடங்கு. நினைவகப் பாதையோ 616இல் இருந்து 760 கிகாபைட், 1.23 மடங்குதான். வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். 1.3 என்று நின்றது. இரண்டு எண்ணும் தெரிந்திருந்தால் பெட்டி திறக்காமலே கிட்டத்தட்டச் சொல்லியிருக்கலாம்.

இனி நம் கடைத்தெரு

2021இல் உலகம் முழுக்கக் கார்ட் தட்டுப்பாடு. ஒரு காரணம், எதேரியம் என்ற நாணயத்தைத் தோண்டுவதற்கென்றே கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். 2022இல் நம் நாட்டின் நிலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 200 ரூபாய் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. 100 டொலர் கார்ட் வரிக்கு முன்பே 20,000இல் இருந்து 36,000க்குப் போனது. அதே வருடம் செப்டம்பர் 15ஆம் திகதி எதேரியம் தோண்டும் முறையை மாற்றிக்கொண்டது. தோண்டிய கார்டுகள் எல்லாம் தேவையற்றுப் பாவித்த சாமான் சந்தைக்கு வந்தன. புதியது வாங்க வசதியில்லாத நாம் நிற்பதும் அந்தச் சந்தையில்தான். ஆகவே மூன்று விடயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, ஜிடி 1030. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம், செக்கனுக்கு 48 கிகாபைட். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்தது, 16.8 கிகாபைட். கோர் இரண்டிலும் 384. டெராஃப்ளொப் 1.13, 1.06. கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் சில கேம்களில் இரண்டாவது கார்டின் வேகம் பாதிக்கு விழுந்தது. 1999இன் வரப்புக் கதை இதுதான். "1030 இருக்கு" என்று சொன்னால் "எந்த நினைவகம்?" என்று கேளுங்கள்.

இரண்டு, ஆர்எக்ஸ் 580. அசல் 580இல் 2304 கோர், 6.2 டெராஃப்ளொப். 2018இல் சீனச் சந்தைக்கென்று "2048எஸ்பி" என்ற வால் வைத்த 580 வந்தது. 2048 கோர், உள்ளே ஆர்எக்ஸ் 570தான். அது கெட்ட கார்ட் இல்லை. 570 விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். 580 விலை கொடுத்தால் நட்டம். ஒரு வாலை மறைத்துச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

மூன்று, அப்பட்டமான போலி. பழைய சிப் ஒன்றை எடுத்து, அதன் உள் மென்பொருளை மாற்றி, "1050 டிஐ" என்று தன்னைச் சொல்லிக்கொள்ள வைக்கிறார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018இல் இருந்து பல போலிகளைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. வாங்கும் முன் கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார். அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்று வளர்ந்த ஊர் நமது.

நம் கடற்கரைக்கே உரிய ஒன்றும் உண்டு. சூத்திரத்தில் போடும் மெகாஹேர்ட்ஸ், கார்ட் குளிர்ச்சியாக இருக்கும்போது எட்டும் வேகம். சூடு ஏறினால் கார்ட் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, விசிறியில் தூசி அடைத்த பெட்டிக்குள் அந்த எண் கிடைக்காது. உப்புக் காற்று தொடுமுனைகளைக் கறையாக்கும். தோண்டுவதற்கு இரவு பகலாக ஓடிய கார்டில் விசிறியும் களைத்திருக்கும். இவையெல்லாம் எந்த விபரப் பட்டியலிலும் வராது, அரை மணித்தியாலம் ஓடவிட்டால் வந்துவிடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. என்ன வேலைக்கு? வீடியோவா, படம் வரைவதா, செயற்கை நுண்ணறிவா, கேமா? பிள்ளை பதில் சொல்லட்டும். சாதாரண எழுத்து வேலைக்கும் பாடசாலைப் பயிற்சிக்கும் தனிக் கார்டே தேவையில்லை, கொம்பியூட்டருக்குள் இருப்பதே போதும்.

2. முழுப் பெயர் என்ன? வால் உட்பட. நினைவகத்தின் வகை, பாதையின் அகலம், செக்கனுக்கு எத்தனை கிகாபைட்?

3. டெராஃப்ளொப்பை எதோடு ஒப்பிடுகிறோம்? ஒரே கம்பனி, ஒரே தலைமுறை என்றால் அந்த எண் ஓரளவு நம்பத் தக்கது. கம்பனி மாறினால், தலைமுறை மாறினால், நாம் பாவிக்கப் போகும் அதே மென்பொருளில் யாராவது ஓடவிட்டு அளந்ததைப் பாருங்கள்.

4. எத்தனை வோட்? 2017இல் வேகா 64 என்ற கார்ட் 12.7 டெராஃப்ளொப் காட்டியது, ஜிடிஎக்ஸ் 1080 காட்டியது 8.9. கேமில் இரண்டும் ஏறத்தாழச் சமம். முதலாவது 295 வோட், இரண்டாவது 180. வித்தியாசத்தை மாதா மாதம் மின்சார பில்லில் கட்டுவது வாப்பாதான்.

கோட்பாட்டு எண்ணை நாம் இங்கே குறை சொல்லவில்லை. சூத்திரத்தில் போட்ட துடிப்பு வேகத்தில் அதுதான் உச்சவரம்பு. அந்த அளவில் அது மிகவும் பயனுள்ளது. உச்சவரம்பையே விளைச்சல் என்று விற்கும்போதுதான் வாங்குபவர் ஏமாறுகிறார். அதைப் பிரித்தறிய ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும் என்பதை மேலே பார்த்தோம். நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே இரண்டையும் கற்றுவிட்டார்கள்.

கார்ட் கேட்கும் பிள்ளையிடம் பெற்றோர்கள் ஒரு தாளைக் கொடுங்கள். இரண்டு கார்டின் பெயரை எழுதி, இரண்டு எண்ணையும் தானே கணக்கிட்டு, எது தன் வேலைக்கு ஏன் பொருந்தும் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம், பாடசாலை விட்ட பிறகு எந்த நாளும் வரலாம். இந்தப் பதிவு யாருக்காவது உதவும் என்று நினைத்தால் குடும்பக் குழுமங்களில் பகிர்ந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாருக்கு முதலில் அனுப்புங்கள்.